பொன்னாடையின் மறுமுனை

என் மனைவி லூர்தம்மாளைப் பற்றித் தளி சாலையின் இருபுறமும் உள்ள ஊர்களில் ஒரே ஒரு செய்திதான் உலவுகிறது: தட்டாமாலை சுற்றும்போது கையை விட்டவள். அவள் எங்கே பிறந்தாள், என்ன வேலை செய்தாள், கும்மியில் அவள் கைத்தட்டு எப்படித் தனியாகக் கேட்கும் என்பதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் புதைந்துவிட்டன. அந்த வாக்கியம் பொய். அதைப் பொய் என்று சொல்லக்கூடியவள் ஒருத்தி இருக்கிறாள். அவள் சொல்ல வேண்டியதும் ஒரே வாக்கியம்தான். அதற்காகத்தான் லூர்தம்மாள் காத்திருந்தாள். வேறு எதையும் அவள் யாரிடமும் கேட்கவில்லை.

நான் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவும் எழுதுகிறேன். விழா அழைப்பிதழ், மருத்துவமனைச் சீட்டு, எக்ஸ்ரே, கம்பெனியிலிருந்து வந்த கடிதம், கைப்பேசியில் எடுத்த வீடியோ ஆகிய அனைத்தும் என்னிடம் உள்ளன. இவற்றில் எதுவும் மறைக்கப்பட்டதல்ல. ஊரே பார்த்தது. பார்த்த பிறகும் ஒன்றும் மாறவில்லை என்பதால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

லூர்தம்மாள் பிறந்தது தேன்கனிக்கோட்டையிலிருந்து தளி போகும் வழியில் உள்ள ஒரு கிராமத்தின் காலனியில். ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஒரு ராகி வயல். ஊரில் மாரியம்மன் கோவில். காலனியில் மாதா சிலை வைத்த கற்குகை போன்ற கெபி. அவளுடைய தந்தை சவரியப்பன் ஊராரின் நிலங்களில் கூலி வேலை செய்தவர். கதிர் முற்றும் காலத்தில் யானை வராமல் காவலிருக்கவும் அவரைத்தான் அனுப்புவார்கள். ஒரு வருடம் யானை வந்தது; ராகி போயிற்று; காவல் சரியில்லை என்ற பேச்சு மட்டும் அவர் சாகும்வரை இருந்தது.

மாதா திருவிழாவில் காலனிப் பெண்கள் தேரைச் சுற்றிக் கும்மியடிப்பார்கள். கும்மியின் முடிவில் வட்டம் இருவர் இருவராகப் பிரிந்து தட்டாமாலை சுற்றும். எதிரெதிரே நின்று, கால் விரல்களை ஒட்டி வைத்து, கைகளைக் குறுக்காகப் போட்டு ஒருத்தியின் மணிக்கட்டை மற்றவள் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்துச் சுழல வேண்டும். லூர்தம்மாளும் அவள் தங்கை வின்சியும் சுற்றினால் மற்ற ஜோடிகள் நின்று வேடிக்கை பார்க்கும் என்று அவள் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சித்திரையில் ஊர் மாரியம்மன் கோவில் முன்பும் இதே கும்மி, இதே தட்டாமாலை. பாட்டில் வரும் பெயர் மட்டும் வேறு. அங்கே தரையில் கல் பதித்த ஒரு வட்டமும், அதன் ஓரத்தில் ஒரு விளக்குத்தூணும் உண்டு. காலனிப் பெண்கள் ராகி வயலின் வரப்பில் நின்று பார்ப்பார்கள். வட்டத்துக்குள் வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. யாரும் போனதும் இல்லை.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் தளிப் பக்கம் ஒரு பசுமைக்குடிலில் ரோஜா வெட்டும் வேலைக்குப் போனாள். பிறகு ஓசூரில் வண்டிகளுக்கு ஒயர்க்கட்டு செய்யும் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தாள். கல்லாவியிலிருந்து பிழைப்புக்காக வந்து பக்கத்துக் கம்பெனியில் ஃபிட்டராக இருந்த என்னை மணந்தாள். நாங்கள் காலனியில் அவள் அம்மா வீட்டிலேயே குடியிருந்தோம். மெல்லிய செம்பு முனைகளைக் கனெக்டருக்குள் செருகி, சரியாகப் பொருந்திய ஓசையைக் காதால் கேட்டு அடுத்ததை எடுப்பது அவள் வேலை. வலது மணிக்கட்டை ஒரு சொடுக்குச் சொடுக்க வேண்டும். அந்தச் சொடுக்கு அவளுக்கு இயல்பாகவே இருந்தது.

கம்பெனிப் பேருந்தில்தான் முனிலட்சுமியின் பழக்கம். அவள் அதே ஊர்க்காரி. கோவில் விழாக்குழுத் தலைவர் திம்மராயனின் தம்பி மனைவி. வீட்டில் கன்னடம், பேருந்தில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. ஒரே ஊரில் வளர்ந்தும் வாழ்ந்தும் இருவரும் அதற்கு முன் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேருந்தில் இடம் காலியாக இருந்தது, உட்கார்ந்தார்கள், பேசினார்கள். சில வாரங்களில் கேன்டீனில் முனிலட்சுமி இவள் டப்பாவைத் திறந்து குழம்பை நக்கிப் பார்த்து, உப்பு பற்றாது என்று குறை சொல்லும் அளவுக்கு நெருங்கிவிட்டார்கள்.

ஆனால் மாலையில் பேருந்து ஊர் எல்லையை நெருங்கும்போது முனிலட்சுமி எழுந்து முன் இருக்கைக்குப் போய்விடுவாள். இறங்க வசதி என்பாள். லூர்தம்மாளும் அதை வசதி என்றே என்னிடம் சொன்னாள்.

கம்பெனியின் பொங்கல் விழாவுக்கு மனிதவள அதிகாரி சுமலதா ஒரு மகளிர் குழு அமைத்தார். கும்மியோடு தட்டாமாலையும் வைக்கலாம் என்று சொன்னவள் லூர்தம்மாள். ஜோடி சேருவதில் ஒரு விதி உண்டு: இருவரின் எடையும் ஒத்திருக்க வேண்டும். கனம் குறைந்தவளைக் கனமானவள் தூக்கி எறிந்துவிடுவாள். ஆகவே ஸ்டோர்ஸில் அட்டைப்பெட்டிகளை நிறுக்கும் எடை மேடையில் பெண்கள் வரிசையாக ஏறி நின்றார்கள். ஸ்டோர்ஸில் வேலை செய்தவள் மணிமேகலை, அவளும் ஊர்ப்பெண். அன்றைய பேச்சை லூர்தம்மாள் எனக்கு நடித்தே காட்டினாள்.

“ஏறி நில்லுங்கடி ஒவ்வொருத்தியா, ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிடறேன்,” என்றாளாம் மணிமேகலை.

“எந்த ஊருக்குடி அனுப்பற?” என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

“உங்களயெல்லாம் சென்னைக்கு. முனிலட்சுமிக்கு மட்டும் தனி லாரி சொல்லணும்.”

“உன் வாயில ஒட்டுடி அந்த ஸ்டிக்கர,” என்று ஏறினாள் முனிலட்சுமி. அவள் இறங்கியதும் லூர்தம்மாள் ஏறினாள். எண் ஏறக்குறைய அசையவே இல்லை.

முனிலட்சுமி கைதட்டிச் சிரித்திருக்கிறாள். “பாத்தியா லூர்து! நீயும் நானும் ஒரே சரக்குடி!”

கேன்டீனுக்குப் பின்னால் சாப்பாட்டு இடைவேளையில் பழகினார்கள். லூர்தம்மாள் பிடியைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தாள். “விரல புடிக்காத, வேர்வையில வழுக்கும். மணிக்கட்ட புடி. நீ என்னய புடிக்கற, நான் உன்னய புடிக்கறேன். உன் கை நழுவுனாலும் என் கை இருக்கும். எம் மூஞ்சிய மட்டும் பாரு, வேற எதையும் பாக்காத.” தட்டாமாலையின் சூட்சுமம் அவ்வளவுதான். இரண்டு பிடிகள் இருப்பதால்தான் அதில் யாரும் விழுவதில்லை.

பொங்கல் போட்டியில் அவர்களுடைய குழுவுக்கு முதல் பரிசு கிடைத்தது. படம் செய்தித்தாளில் வந்தது. படத்தில் இருவரும் சாய்ந்திருக்கிறார்கள். நடுவில் நான்கு கைகளும் ஒரு முடிச்சாக இருக்கின்றன.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் திம்மராயன் கம்பெனிக்கு வந்தார். சித்திரை விழாவில் தங்கள் ஊர்க் கோவில் முன் கம்பெனிக் குழு ஆட வேண்டும் என்று சுமலதாவிடம் கேட்டார். தன் பேனரைக் கட்டிக்கொள்ளலாம் என்றதும் கம்பெனி இசைந்தது. “கம்பெனி மகளிர் குழுவினரின் கும்மி, தட்டாமாலை” என்று அழைப்பிதழில் அச்சாயிற்று.

நான் வேண்டாம் என்றேன். லூர்தம்மாள் சோற்றை வடித்துக்கொண்டே சொன்னாள்: “வரப்புல நின்னு பாத்தது போதுங்க. ஒரு தடவ உள்ள நின்னு சுத்திட்டு வந்துடறேன். அவங்க தான கூப்புடறாங்க? நானாவா போறேன்?”



விழா நாளில் வெயில் இறங்கும் நேரத்தில், கோவிலை அடுத்த பள்ளிக்கூடத்தில் பெண்கள் சேலை மாற்றித் தயாராக இருந்தார்கள். பேனர்க் கம்பைத் தூக்கி வந்த நான் வாசலில் நின்றிருந்தேன். அங்கே நடந்த பேச்சை நேரில் கேட்டவன் நான்.

திம்மராயன் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். விருந்தினர்களுக்குப் போர்த்தியது போக மீதியிருந்த பொன்னாடைகள் அதில் இருந்தன. பளபளவென்று மின்னும் பாலியஸ்டர்.

“ஜோடிக்கு ஒண்ணு எடுத்துக்குங்கம்மா. ஆளுக்கொரு முனையப் புடிச்சிக்கிட்டு சுத்துனா கலரா இருக்கும்.”

“துணியப் புடிச்சி தட்டாமாலை சுத்த முடியாதுங்க. கையத்தான் புடிக்கணும்,” என்றாள் லூர்தம்மாள்.

அவர் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். “நீ சவரியப்பன் மவதான?”

“ஆமாங்க.”

“உங்கப்பன் எங்கிட்ட நின்னு பேசுனதே இல்ல. நீ தேறிட்ட.” சிரித்தார். “முனிலட்சுமி கையில காப்பு கட்டியிருக்குது பாரு. காப்புக் கையத் தொடக்கூடாது. அவ்ளோதான் விசயம். நீயா வேற எதையும் நெனச்சிக்காத.”

விழாவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வதைத்தான் காப்பு என்பார்கள். தட்டாமாலையில் பிடிக்க வேண்டிய இடமும் அந்த மணிக்கட்டுத்தான்.

“மணிமேகலையும்தான் காப்பு கட்டியிருக்குறா,” என்றாள் லூர்தம்மாள்.

மணிமேகலையின் ஜோடி சேலத்திலிருந்து வந்து ஓசூரில் குடியிருக்கும் ஒரு பெண். மணிமேகலை தன் கொசுவத்தைச் சரிசெய்வதில் மும்முரமானாள். திம்மராயன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “நேரமாச்சு, வாங்க வாங்க,” என்று வெளியே போனார்.

அவர் போனதும் முனிலட்சுமி நெருங்கி வந்தாள். “எங்க பெரிய மச்சான் முன்னாடி எதுக்குடி வாயக் குடுக்கற?”

“கும்மிய மட்டும் அடிச்சிட்டு நின்னுடலாம் முனி. சுத்த வேணாம்.”

“மேடம் போன புடிச்சிக்கிட்டு நிக்கறாங்க. நாம சுத்தலன்னா டீமே இல்ல. துணிய நான் கையில ரெண்டு சுத்து சுத்திக்கறேன், போதுமா?” பிறகு தாழ்ந்த குரலில், “என்னய நம்ப மாட்டியாடி?” என்றாள்.

லூர்தம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கும்மி நன்றாக நடந்தது. கல்வட்டத்துக்குள் அவள் குனிந்து நிமிர்ந்து கைதட்டியதை வரப்பிலிருந்து காலனிப் பெண்கள் பார்த்தார்கள். அவளுடைய அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். பறையோசை வேகமெடுத்ததும் வட்டம் ஜோடிகளாகப் பிரிந்தது.

வீடியோவில் இனி வருவதை யாரும் பார்க்கலாம். மற்ற ஜோடிகள் பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டு வழக்கம்போலக் கைகளைப் பிடித்தார்கள். சேலத்துப் பெண் மணிமேகலையின் காப்புக் கையை இறுகப் பிடித்துச் சுழன்றாள். யாரும் தடுக்கவில்லை. காப்பு அறுந்துவிடவில்லை. அம்மனும் கோபித்துக்கொள்ளவில்லை.

லூர்தம்மாள் தன் முனையை இரு உள்ளங்கைகளிலும் சுற்றி முறுக்கிப் பிடித்திருந்தாள். முனிலட்சுமி சுற்றிக்கொள்ளவில்லை. சுற்றினால் லூர்தம்மாள் பிடித்திருக்கும் அந்தத் துணி காப்பில் படும். திம்மராயன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் மறுமுனையை விரல் நுனிகளால் பிடித்திருந்தாள். பார்வை எதிரே இருந்தவள் முகத்தில் இல்லை, நாற்காலியின் பக்கமே போய்ப் போய் வந்தது.

விசில் அடித்தார்கள். வேகம் கூடியது. பொன்னாடை முனிலட்சுமியின் விரல்களிலிருந்து உருவிக்கொண்டு போனது. லூர்தம்மாள் பின்புறமாகப் பறந்து விளக்குத்தூணின் மேல் விழுந்தாள்.

நான் ஓடினேன். வலது கை உடம்புக்குக் கீழே மடங்கியிருந்தது, நெற்றியில் ரத்தம். பொன்னாடை அப்போதும் அவள் கைகளில் சுற்றியபடியே இருந்தது. முனிலட்சுமி வெறுங்கையோடு நின்றாள். ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தாள். “நில்லும்மா,” என்றார் திம்மராயன். நின்றுவிட்டாள். லூர்தம்மாளைத் தூக்க என்னோடு கை கொடுத்தது பறையடித்த மாடசாமி ஒருவர்தான்.

துணி யார் கையில் இருந்தது என்பது ஒன்றே போதும், விட்டது யார் என்பதற்கு. ஆனால் நாங்கள் மருத்துவமனையிலிருந்து திரும்புவதற்குள் ஊரில் பேச்சு முடிவாகியிருந்தது: காலனிக்காரி கையை விட்டுவிட்டாள். பழக்கமில்லாத இடம், பயந்துவிட்டாள், என்றார்கள் இரக்கமுள்ளவர்கள். மற்றவர்கள் வேறு காரணம் சொன்னார்கள். கல்வட்டத்தைச் சாணம் கரைத்துக் கழுவினார்கள். ரத்தம் பட்டதால் என்று சொல்லப்பட்டது. ரத்தம் தூணடியில்தான் இருந்தது. கழுவியது முழு வட்டத்தையும்.

மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். எலும்பு கூடியது, சொடுக்கு திரும்பவில்லை. செம்பு முனை கனெக்டருக்குள் பாதியில் நின்றுவிடும். இனி வர வேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் சொன்னார். விழாவில் ஆடியது அவரவர் சொந்த விருப்பம், கம்பெனிக்கு அதில் தொடர்பில்லை என்று கடிதம் வந்தது. நான் தூக்கிப் போன பேனரில் கம்பெனியின் பெயர் ஆள் உயரத்துக்கு இருந்தது.

லூர்தம்மாள் அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டாள். தகடு வைத்த கையோடு என்னை அழைத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனாள். குழுவிலிருந்த பெண்களைச் சுமலதா வரவழைத்தார்.

“நான் எதுவும் கேக்க வரல மேடம். நான் கைய விட்டுட்டேன்னு சொல்றாங்க. யாரு விட்டான்னு முனி சொன்னா போதும். நான் போயிடறேன்.”

முனிலட்சுமி மேசை மேலிருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வேர்வை மேடம். வழுக்கிடுச்சு. யாரு விட்டாங்கன்னு எப்படிச் சொல்றது?”

“காப்புன்னு சொல்லித்தானே முனி கை குடுக்கல நீ?”

மணிமேகலை எழுந்து, “ஷிஃப்டுக்கு நேரமாச்சு மேடம்,” என்றாள். நான் கைப்பேசியை எடுத்து நீட்டினேன்.

சுமலதா அதை வாங்கவில்லை. “வீடியோவ நாங்களும் பார்த்தோம் அண்ணா. பார்க்கறதுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா இதுல சாதி அது இதுன்னு கொண்டுவராதீங்க. இங்க எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்பிடறாங்க.”

சாதி என்ற சொல்லை அதுவரை நாங்கள் இருவரும் சொல்லியிருக்கவில்லை.

அதன் பிறகு நாங்கள் ஊரை விட்டு ஓசூருக்கு வந்து, ஒரு வரிசை வீட்டில் குடியேறினோம். லூர்தம்மாள் இடது கையால் பூக்கட்டப் பழகினாள். கும்மிப் பாட்டு எங்காவது கேட்டால், அது காதில் விழாதபடி வானொலியை உரக்க வைப்பாள். காத்திருந்தாள். பேருந்தில் போகும் ஊர்ப்பெண்கள் யாரையாவது சந்தையில் கண்டால், “முனி எதாச்சும் சொன்னாளா?” என்று மட்டும் கேட்பாள்.

அடுத்த பொங்கலுக்குச் சில நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலையில் முனிலட்சுமியே வந்தாள். கையில் ஒரு பை ஆரஞ்சு. நான் உள்ளறையில் இருந்தேன், அறைக் கதவு திறந்திருந்தது.

“எப்படி இருக்கற லூர்து?”

“உக்காரு. டீ வைக்கறேன்.”

“வேணாண்டி.” பையைக் கீழே வைக்கும் சத்தம். “யுவஸ்ரீன்னு ஒரு புதுப் பொண்ணு. அவளத்தான் எங்கூட ஜோடி போட்டிருக்காங்க. எடையே நிக்கல. சுத்துனா பறக்கறா. பயமா இருக்குது.”

“உனக்குமா பயமா இருக்குது?”

“குத்திக் காட்டாத. நீ வந்து நில்லு போதும். கைதட்டிக்கிட்டு நில்லு. மேடம்கிட்ட நான் பேசறேன், வேலைக்கும் எதாச்சும் பாப்பாங்க.” பிறகு அவள் கையை நீட்டியிருக்க வேண்டும். “இந்தா. இப்ப காப்பு இல்ல. புடிச்சிக்க.”

நான் எழுந்து அறை வாசலுக்கு வந்துவிட்டேன். முனிலட்சுமி நீட்டிய கையை லூர்தம்மாள் பார்த்தாள். தன் நல்ல கையால், இடது கையால், அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். பழைய பிடி. பாதங்களை முனிலட்சுமியின் பாதங்களோடு ஒட்டி வைத்து உடம்பைச் சற்றுப் பின்னால் சாய்த்தாள். முனிலட்சுமி மற்றக் கையால் சுவரைத் தொட்டுக்கொண்டாள்.

“எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு முனி. யாரு விட்டா?”

“வலிக்குதுடி.”

“யாரு விட்டா?”

முனிலட்சுமி அழத் தொடங்கினாள். எனக்கே எட்டாத குரலில் சொன்னாள்; உதடுகளைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். “நான்தான்.”

லூர்தம்மாள் பிடியை விடாமலே காலால் வாசற்கதவைத் தள்ளித் திறந்தாள். வெளியே பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்க வரிசைப் பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் இருவர் அதே கம்பெனியின் நீலச் சட்டையில் இருந்தார்கள்.

“இங்க நின்னு சொல்லு. கேன்டீன் வேணாம், கோவில் வேணாம். இவங்க கேக்கட்டும், போதும்.”

முனிலட்சுமி அவர்களைப் பார்த்தாள். “நான் அந்த ஊர்லதாண்டி வாழணும்.”

“நானும் அந்த ஊர்லதான் பொறந்தேன்.”

குடங்கள் நிறையும் ஓசை கேட்டது. நீலச் சட்டைக்காரி ஒருத்தி, “என்னாக்கா, என்ன சண்டை?” என்று கேட்டாள். முனிலட்சுமி அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “சண்டையெல்லாம் இல்லம்மா. ஃபிரெண்டுங்க. சும்மா வெளயாடறோம்.”

லூர்தம்மாள் அவள் முகத்தை இன்னும் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். முனிலட்சுமி சிவந்த மணிக்கட்டை முந்தானையால் மூடிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். லூர்தம்மாள் ஆரஞ்சுப் பையை எடுத்துக் குழாயடியில் நின்ற பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள்.

முனிலட்சுமியைப் பற்றி அதன் பிறகு அவள் யாரிடமும் விசாரித்ததில்லை. தன் வாழ்நாளில் லூர்தம்மாள் ஒரு கையை விட்டது அன்று மட்டும்தான்.